மோட்டாருக்கு அடங்காத விண்மீன் திரள்

என் மனைவி ஒன்பது வருஷமாக ஒரு பள்ளியில் கான்ட்ராக்ட் இயற்பியல் டீச்சர். நானும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்தான், கன்வேயர் பெல்ட் ஃபிட்டர். மாதிரி வகுப்பு ஒன்று நன்றாக எடுத்துக் காட்டினால் பெர்மனென்ட் என்று பள்ளியில் சொன்னதும், எடுக்கப்போவது நான்தான் என்பதுபோல் எனக்குக் கைகால் பரபரத்தது. அவள் எடுத்துக்கொண்ட பாடம் நீள்வட்ட விண்மீன் திரள்.

மாடல் செய்து தருகிறேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன். பழைய டேபிள் ஃபேன் மோட்டார், மேலே வட்டத் தட்டு, தட்டு நிறைய ஒட்டிய ஜவ்வரிசி. சுவிட்சைப் போட்டதும் கும்மென்று சுற்றியது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது சுருள் வகை. அதுலதான் எல்லா நட்சத்திரமும் தட்டையா, ஒரே பக்கமா சுத்திக்கினு இருக்கும். நீள்வட்டத்துல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போவும். அதான் முட்டையாட்டம் உப்பிக்கினு நிக்குது."

"கண்ட பக்கம் போனா செதறிப் பூடாதா?"

"ஈர்ப்பு புடிச்சி வச்சிருக்குதுங்க."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்ட் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே பதறிப்போய் நிறுத்துகிற ஆட்கள் நாங்கள். புத்தகத்தில் தப்பாகப் போட்டிருப்பார்கள் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் அளந்துதான் பேசினாள்.

வகுப்பன்று மாடலைத் தூக்கிக்கொண்டு போனவன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் தட்டைச் சுற்றவிட்டு, "இது சுருள் திரள்" என்று காட்டினாள். பிறகு பிள்ளைகளை இரண்டு வட்டமாகச் சுற்றி நடக்கவிட்டாள். நடந்துகொண்டே ஒரு வட்டம் இன்னொன்றுக்குள் நுழைய வேண்டும், யாரும் கூட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான், ஒரே ரகளை. வட்டம் இருந்த சுவடே இல்லை. ஆளுக்கொரு திசையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள், ஆனால் கூட்டம் கலையவில்லை.

"ரெண்டு சுருள் திரள் கலந்தா இப்படித்தான் நீள்வட்டம் ஆகும். ஆனா நட்சத்திரங்க இடிச்சிக்கிறது அபூர்வம். நீங்கதான் இடிச்சிக்கிறீங்க."

முதலில் சிரித்தது நான்தான். புத்தகத்தைக் குறை சொன்ன வெட்கம் ஒரு பக்கம், இவள் என் பெண்டாட்டி என்ற பெருமை ஒரு பக்கம்.

"அதுல புதுசா நட்சத்திரம் பொறக்காதா?" என்று கேட்டார், வகுப்பைப் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியர்.

"ரொம்பக் குறைவுங்க சார். கலக்கும்போதே வாயு பெரும்பாலும் செலவாயிடும், மிச்சம் குளிராம சூடாவே கெடக்கும். அதனால வயசான, சிவந்த நட்சத்திரங்கதான் அதிகம்."

அவர் தலையாட்டியதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் அவளுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த என்னிடம் நீட்டினாள். கையைக் கழுவிவிட்டு வாங்கி, வரிவிடாமல் இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கியதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் பெல்ட் பக்கத்தில் கூட வேலை செய்கிறவர் கேட்டார்.

"என்னாப்பா, காலையிலேர்ந்து சிரிச்சிக்கினே இருக்க? பெர்மனென்ட் ஆயிட்டியா?"

"ஆயிட்டோம்" என்றேன்.