நின்ற இடத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நண்டு நடந்த மணல் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும், எந்த ‘ல’ வரும் என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் என்றால் பிழைபட்டதைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிடுவேன். எழுத்தில் அந்தப் பழக்கம் இல்லை.

நான் பிறந்தது கதிரவெளியில். கல்யாணம் முடித்து வந்தது வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் ஒரு ஊருக்கு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் உடுப்புப் பெட்டியோடு போய் அங்கே இருப்பான். என் மாமியார், மகளுக்குக் கல் வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் பின்பக்கம் சமையல் நடக்கும் ஓலைக் குசினியில் இருந்தார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அது மரியாதை. சொல்ல வேண்டியதை மனைவி நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்வாள். நானும் கூச்சக்காரன் என்பதால் அந்த வழக்கம் எனக்கு வசதியாகவே இருந்தது.

பிறகு என் மனைவி வெளிநாட்டுக்குப் போனாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டையால் வட்டைப் பக்கம் போக முடியாமல் வயல்கள் புல்லாகிக் கிடந்தன. நான் மெசின்காரனாக இருந்த நெல் ஆலை டீசல் இல்லாமல் மூடிக் கிடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பல பெண்கள் அப்படிப் போனார்கள். அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் போன பிறகு நடுவில் நின்று பேச ஆள் இல்லை. மாமியார் கோழிகளிடம் பேசத் தொடங்கினார். “சோத்த மூடி வெச்சிரிக்கன். நாய் வாறதுக்கு முதல் திண்டா நல்லம்” என்று முற்றத்தில் நின்று கோழிக்குச் சொல்வார். நான் போய்ச் சாப்பிடுவேன். கோழிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சில நாட்களில் காலையிலிருந்து பொழுதுபடும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்காது. அதை நானே கவனிப்பது படுக்கப் போகும்போதுதான்.

ஒரு மழைக்காலம் முடிந்த நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் களுதாவளையில் இருந்த மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா ஒரு வெற்றிலைக் கட்டு கொடுத்தனுப்பினார். வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். அந்தப் பாதைத் துறையில் சோதனைக்கு நிற்கும் ஆமி ஒவ்வொரு பையையும் கொட்டிப் பார்க்கும். வெற்றிலையை மேலால் மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். கட்டுக்கு நடுவில் ஒரு கசற் இருந்தது. என் மனைவி குவைத்தில் தன் குரலைப் பதிந்து அனுப்பிய கசற். ஒரு பக்கத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. மற்றப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அது எனக்கு.

அதைக் கேட்க எங்களிடம் ஒரு ரேடியோ கசற் இருந்தது. ஆனால் பற்றரி இல்லை. பற்றரியை வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவர ஆமியின் தடை. ஊரில் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு லொறி பற்றரி வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து கசற் வந்தால் எல்லோரும் அங்கேதான் கொண்டுபோவார்கள். பாய் விரித்து அரைத் தெருவே உட்கார்ந்து கேட்கும். யாருடைய மனைவியாவது புருசனைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அது அவனுக்குப் பட்டப்பெயராகிவிடும். ஒருவனை அவன் மனைவி ‘ராசா’ என்று சொன்னதற்கு, அவன் துறைக்கு வரும்போதெல்லாம் தோணிக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். என்னால் அங்கே போக முடியாது. ஆனால் அவளுடைய குரலைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. உன்னிச்சைப் பக்கம் ஆலை முதலாளியின் கொட்டிலில் பல வருசம் கிடந்த பழைய இங்கிலாந்துச் சைக்கிள். ஆலை மூடிய நாள், வேணுமென்றால் தள்ளிக்கொண்டு போ என்றார். தள்ளிக்கொண்டு வந்தேன். “இது ஏறிப்போற சாமானா, சுமந்துகிட்டுப் போற சாமானா?” என்று மனைவி அப்போது கேட்டாள். அந்தக் காலத்துச் சைக்கிளுக்குப் பற்றரி இல்லாமலே பொறி வரும். மக்னீட்டோ என்ற ஒரு சாமான் சுழன்று தானே பொறியை உண்டாக்கும். விளக்குக்குத் தனியாக ஒரு டைனமோ. அது ஆறு வோல்ட். ரேடியோ கசற்றுக்கு நாலு பெரிய பற்றரி, அதுவும் ஆறு வோல்ட். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

முதலில் பின் சில்லையும் சங்கிலியையும் கழற்றி ஒளித்து வைத்தேன். ஓடுகிற சைக்கிள் என்றால் எங்கள் பக்கத்தில் ஆயுதத்தோடு இருந்த இயக்கப் பொடியன்மார் கேட்டு வருவார்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

பெற்றோலும் இல்லாத காலம். மருந்துப் போத்தலில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பிளக் ஓட்டைக்குள் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் எழும்பும். சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். காபரேட்டரைக் கழுவி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, பொயின்றுக்கு நடுவில் சிகரெட் பெட்டித் தாளை வைத்து, தாள் நழுவுகிற இடம் பார்த்துப் பொறி விழும் நேரத்தை வைத்தேன். எஞ்சின் எழும்பியது. சூடு ஏறியதும் நின்றது. ஆறினால் எழும்பும். சூடானால் நிற்கும்.

அந்த நாட்களில் எந்த எஞ்சின் நின்றாலும் நாங்கள் மண்ணெண்ணெயைத்தான் திட்டுவோம். நானும் திட்டினேன். வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தேன். குழாயை மாற்றினேன். காபரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றினேன். ஒரு மாதத்துக்கு மேல் மண்ணெண்ணெயோடு சண்டை பிடித்தேன். கசற் தலைமாட்டில் கிடந்தது. சில இரவுகளில் அதன் சில்லை விரலால் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பேன்.

ஒரு நாள் நின்றுபோன எஞ்சினைக் கோபத்தில் உதைத்தபோது, கை தவறிப் பிளக் வயரில் பட்டது. கரண்ட் அடிக்கவில்லை. ஆறின பிறகு வேண்டுமென்றே பிடித்துக்கொண்டு உதைத்தேன். தோள்மூட்டுவரை அடித்தது. குசினிப் பக்கமிருந்து குரல் கேட்டது. “மனிசருக்கு விசர் புடிச்சா நெருப்புக்குக் கை குடுப்பாங்க. நீங்க அங்கால போங்க” என்று மாமியார் கோழிகளை விரட்டினார். எனக்கோ சந்தோசம். சூட்டில் போனது பொறி. மண்ணெண்ணெயில் ஒரு குற்றமும் இல்லை. மக்னீட்டோவுக்குள் பொறிக்குத் துணையாக இருந்த கண்டென்சர் என்ற சின்னச் சாமான் சூடானதும் செத்துப்போகிறது. தோட்டத்துத் தண்ணீர் மெசின் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் கண்டென்சரை எடுத்து வெளிப்பக்கமாக வைத்துக் கட்டினேன். எஞ்சின் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு இரண்டு பொடியன்மார் வந்தார்கள். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்கள்.

“அண்ணே, பின் சில்லு எங்க?”

“இல்ல.”

“அப்ப இது நிண்ட இடத்திலயா ஓடுற?”

“ஓம்.”

ஒருவன் சிரித்தான். “பெற்றோல் மிச்சம்” என்று மற்றவன் சொன்னான். போய்விட்டார்கள்.

டைனமோவின் எந்த வயர் நேர், எந்த வயர் எதிர் என்று தெரியவில்லை. மாறிக் கொடுத்தால் ரேடியோ எரிந்துவிடும். தேங்காய்ச் சிரட்டையில் வாவித் தண்ணீர் எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு வயரையும் அதற்குள் விட்டேன். உப்புத் தண்ணீரில் எதிர்ப்பக்கம் நுரை கூடுதலாக வரும். ஆலையில் பற்றரி ஏற்றியபோது பழகியது. பிறகு எஞ்சின் சத்தம் குரலை மூடாமல் இருக்க, சைக்கிளைப் பின்வளவில் வாவியோரம் நிறுத்தி, ஆலை வயரை இழுத்து முன்னறைவரை கொண்டுபோனேன். முன்விளக்கையும் அதே வயரில் எரியவிட்டேன். கரண்ட் கூடினால் விளக்கு கொஞ்சத்தைக் குடிக்கும். பொழுது சாய்வதற்கு முன் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றி, ரேடியோவை முடுக்கி வைத்துவிட்டு வந்து எஞ்சினை எழுப்பினேன்.

ஓடி உள்ளே போனேன். குரல் ஆம்பிளைக் குரலாக இழுபட்டு அடங்கியது. மண்ணெண்ணெய் எஞ்சின் ஒரே சீராக நிற்காது. கைப்பிடியில் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும். திரும்ப ஓடினேன். முறுக்கினேன். உள்ளே ஓடினேன். இப்போது கிளி கத்துவது போல இருந்தது. அங்கும் இங்கும் ஓடியதில் “இஞ்ச வெயில்” என்ற இரண்டு சொல் மட்டும் கேட்டேன். அதுவும் அவளுடைய குரலில் இல்லை.

மூன்றாம் முறை போனபோது மாமியார் ரேடியோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் இருக்கிற அறைக்குள் அவர் வருவதில்லை. காதை அதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஓடிக்கொண்டிருந்தது அம்மாவின் பக்கம். நான் திரும்பிப் போய் சைக்கிளோடு உட்கார்ந்தேன். விளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து முறுக்கினேன், விட்டேன். என் காதுக்கு எஞ்சின் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் விளக்கு திடீரென்று வெளுத்தது. அந்தப் பக்கம் முடிந்து ரேடியோ நின்றுவிட்டது என்று விளங்கியது. அவர் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போடுவார் என்று பார்த்திருந்தேன். போடவில்லை.

முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு வந்து, பூவரச மரத்தடியில் முகத்தைத் திருப்பி நின்றார். கோழிகள் அடைந்துவிட்டன. பேசுவதற்கு அவருக்கு மரம்தான் இருந்தது.

“என்ர பக்கம் முடிஞ்சி. மத்தப் பக்கம் புருசனுக்கெண்டு சொல்லிப்போட்டாள். அத நான் கேக்கப்படாது.” கொஞ்சம் பொறுத்து, “ஆரும் காட்டித் தந்தா, இத நான் புடிச்சிக்கிட்டு இரிப்பன்” என்றார்.

நானும் அவரிடம் சொல்லவில்லை. சைக்கிளிடம் சொன்னேன். “காலைல பூத்த பூவரசம்பூ நிறத்தில வெளிச்சம் இரிந்தாச் சரி. வாடின பூ மாதிரிச் சிவந்தா முறுக்கணும். வெளுத்தா விடணும்.” கைப்பிடியை முறுக்கியும் விட்டும் காட்டினேன். பிறகு எழுந்து தள்ளி நின்றேன். அவர் வந்து உட்கார்ந்தார். மாடு கறக்க உட்காருவது போல குந்தியிருந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் உள்ளே போய் கசற்றைத் திருப்பிப் போட்டேன். முதலில் எல்லாம் கோணல். குழந்தைக் குரல், கிழவன் குரல், பிறகு இரண்டும் கலந்து. கூரை மேய்வதைப் பற்றி ஏதோ சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னாள். கையால் பிடிக்கப் பிடிக்க நழுவுகிற மீன் மாதிரி இருந்தது. அப்புறம் மாமியாருக்குக் கை பழகியது. குரல் மெல்ல மெல்ல இறங்கி வந்து அவளுடைய இடத்தில் நின்றது. அவளேதான். மூக்கால் கொஞ்சம் பேசுவாள். அதுவும் இருந்தது.

“கேக்குதா? நீங்க ஒண்டும் சொல்லமாட்டீங்க எண்டு தெரியும். நானே கதைச்சிக்கிட்டு இரிக்கன். கொஞ்ச நேரம் பேசாம இரிக்கன், நீங்க சொல்லுங்க.”

பிறகு அவள் பேசவில்லை. அந்த வீட்டுக் கூரையில் சுற்றும் காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்டது. நான் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. ஒரு வருசத்துக்கு மேலாகச் சேர்ந்து கிடந்தவை. ஒன்றும் வரவில்லை. தொண்டையைக் கனைத்தேன். “ஓம்” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகுதான் காற்றாடிச் சத்தமும் இல்லை என்று கவனித்தேன். வெளியே எஞ்சினும் ஓடவில்லை. மண்ணெண்ணெய் முடிந்திருந்தது. அவள் விட்ட மௌனம் எங்கே முடிந்தது, எஞ்சின் நின்ற மௌனம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

வெளியே போனேன். மாமியார் அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார். யாரும் விடச் சொல்லவில்லை.

“போதும் மாமி” என்றேன்.

அவர் கையை எடுத்தார். திரும்பி என்னையே பார்த்தார். “என்ன சொன்னவள்?”

“என்னைச் சொல்லச் சொன்னவள்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஓம் எண்டன்.”

“அது காணும் அவளுக்கு, அதுவே போதும்” என்று எழுந்து, கரி பிடித்த கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

மண்ணெண்ணெய் அடுத்த கிழமை கிடைக்கும் என்று இருந்தேன். அதற்கு முன் செல் குண்டு விழத் தொடங்கி, ஊரோடு எழும்பிப் போனோம். உடுப்பும் அரிசியும் எடுத்தோம். திரும்பி வந்தபோது முன்னறைக்குக் கூரை இல்லை. ரேடியோவும் இல்லை, அதற்குள் கிடந்த கசற்றும் இல்லை.

மனைவி அடுத்த வருசத்துக்கு அடுத்த வருசம் வந்தாள். இன்றைக்கும் கூட இருக்கிறாள். அந்த மௌனத்துக்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்பதை ஒருவேளை அவளிடமே கேட்கலாம். கேட்க வேண்டும் என்று நினைத்து, அவள் குசினியில் இருக்கும்போது வாசல்வரை போவேன். “என்ன?” என்பாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். இன்றும் அப்படித்தான் வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இதை எழுதினேன்.

பங்குனி மாதம் ஒன்பதாம் திகதி, பின்னேரம்.