அப்பாவின் பக்கம்

பட்டர்வொர்த்தில் ஈமச்சடங்கு நிறுவனம் நடத்தும் ஓர் அக்காவின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இறந்தவரின் படம், வீட்டு முகவரி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம். அவ்வளவுதான் அதில் இருக்கும்.

ஒருமுறை ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தவறிப்போனார். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்ததில் சர்வர் நின்றுவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுனில் இருக்கும் என் ஆபீசிலிருந்து அதை மறுபடி ஓடவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குள் எடுத்துவிட்டார்கள். நேரம் தெரியாமல் கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து வந்த ஒருவர், எல்லாம் முடிந்த சுடுகாட்டில் மாலையோடு நின்றாராம்.

"அவரு முகத்த என்னால பாக்க முடியல தம்பி," என்றார் அக்கா. திட்டியிருந்தால் தேவலை. "பெரிய மெஷினா வாங்கணுமா?"

"வேணாங்கா. இதே போதும். உள்ள ஓடுற வெப் சர்வர் சாப்ட்வேர மாத்துறேன்."

பழையது, வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் ஆளை நிறுத்துவது மாதிரி. கூட்டம் வந்தால் தாங்காது. புதியதில் ஒரே ஆள் பல பேரைக் கவனித்துக்கொள்வான். ஒருமுறை தயாரித்த பக்கத்தையே கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பான். அக்கா போனில் நேரத்தைத் திருத்தினால் உடனே எல்லாருக்கும் புது நேரம் தெரியும்படியும் அமைத்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு கூட்டம் வந்தாலும் தளம் நிற்கவில்லை.

மறு வருஷம் அப்பா போனார். அறிவிப்பைப் போட நான் லேப்டாப்பைத் திறந்தேன். சடங்கைக் கவனிக்க வீட்டுக்கு வந்திருந்த அக்கா அதை மெதுவாக மூடினார்.

"நீ அம்மாகிட்ட போயி உக்காரு. இத நான் பாத்துக்கிறேன்லா."

வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணனின் விமானம் தாமதமானது. அக்காவே நேரத்தை மாற்றினார். அப்பாவோடு பாக்டரியில் வேலை செய்தவர்கள், புக்கிட் மெர்தாஜாம் சொந்தக்காரர்கள், எல்லாரும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு சர்வர் ஞாபகமே எனக்கு வரவில்லை.

கருமாதி முடிந்து அண்ணன் கிளம்பிப் போனார், நானும் வேலைக்குத் திரும்பினேன். எந்தப் பக்கம், எப்போது, எந்த இணைப்பிலிருந்து திறக்கப்பட்டது என்று சர்வர் எழுதிவைக்கும். ஒரு வாரம் கழித்து, வழக்கம்போல அதைப் பார்த்தேன். அப்பாவின் பக்கம் அந்த வாரம் தினமும் காலை ஏழரைக்குத் திறக்கப்பட்டிருந்தது, எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து. அந்நேரம் நான் ஆபீசுக்குப் போகும் பெர்ரிப் படகில் இருப்பேன். வீட்டில் அம்மா மட்டும்தான்.

அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கருமாதி முடிந்து சில வாரங்களில் பக்கத்தை நீக்கிவிடுவது அக்காவின் வழக்கம். அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாவோடது மட்டும் இருக்கட்டுமாக்கா?"



"இருக்கட்டும்லா தம்பி. அது என்ன எடத்தையா அடைக்குது."