வேலியில் செருகிய தலைமயிர்

நம்பாதவர்கள் யாழ்ப்பாணம் குருநகருக்கு வாருங்கள். என் மகள் ஷெரோனின் வயிற்றில் தையல் தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள்.

என் மனைவி ஜெயனிக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியதும் தலைமயிர் கொத்துக் கொத்தாய்க் கழன்றது. அவள் எறியவில்லை. எங்கள் பெண்கள் செய்வதுபோல விரலில் சுருட்டி, துப்பி, கிடுகு வேலியில் செருகி வைத்தாள். மொட்டைத் தலையோடுதான் அவளைச் சவக்காலையில் அடக்கம் செய்தோம். நான்தான் முக்காடு போட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் வேலியைப் பார்த்தேன். ஒரு சுருளும் இல்லை. அணில் கூடு கட்டக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் நானும் ஷெரோனும் மட்டும். அவளுக்கு ஆறு வயது. பேன் என்று அவள் தலையையும் ஒட்ட வெட்டியிருந்தேன். பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தாள். வயிறு மட்டும் கல்லுப்போல இருந்தது. பக்கத்து வீட்டு லூர்த்தம்மா தொட்டுப் பார்த்தார்.

“உது நாவூறு, எமில். தண்ணி ஓதிக் குடு.”

கொடுத்தேன். குடித்த கையோடு அதையும் சத்தி எடுத்தாள்.

விடியக் கடலுக்குப் போய் வந்தால் மத்தியானம் படுப்பேன். அன்று ஒன்றரை மணி இருக்கும். உள்ளறையில் சத்தம்.

சரக்... சரக்...

நீட்டு மயிரில் சீப்பு இழுபடும் சத்தம். எட்டு வருடம் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா?

எட்டிப் பார்த்தேன். ஷெரோன் பாயில் இருந்தாள். யாரோ மடியில் வைத்திருப்பதுபோலத் தலை பின்னால் சாய்ந்திருந்தது. பின்னால் யாரும் இல்லை.

வாய் மென்றது.

“என்ன பிள்ளை தின்னுறாய்?”

“அம்மா தந்தவ.”

சத்தம் நின்றது.

உதட்டில் ஒரு மயிர். இழுத்தேன்... வந்தது... வந்துகொண்டே இருந்தது...

பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பிள்ளை பிழைத்தாள். வயிற்றிலிருந்து எடுத்ததை டொக்டர் காட்டினார். ஒரு பெரிய மயிர் உருண்டை.

“வீட்டிலை ஆருக்கு நீட்டு மயிர்?”

“ஒருத்தருக்கும் இல்லை. மனுசியை மொட்டைத் தலையோடை தாட்டனான்.”

“நடுவிலை இருக்கிறது பழசு, சுருள் சுருளாய்க் கிடக்கு. மேலை சுத்தியிருக்கிறது புதுசு. வேரோடை இருக்கு.” டொக்டர் அதை மூடி வைத்தார். “இன்னொருக்கால் உப்பிடி வந்தால் பிள்ளை தாங்காது.”

நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். வெறும் அறையில் நின்று சொன்னேன்.

“ஜெயனி, இனி வராதை. பிள்ளை செத்துப்போகும்.”

என் வாயாலேயே அவளைத் துரத்தினேன். அழுது தீர எனக்கு வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லை. மத்தியானங்களில் இப்போதும் காதைக் கொடுத்தபடிதான் கிடக்கிறேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று ஷெரோன் அந்தப் பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாவை ஏன் கலைச்சனீங்கள், அப்பா?”

நான் அதைச் சொன்ன நேரம் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் கிடந்தாள்.