பலூன் உடைக்காத கொழும்புப் பயணம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியபோது என் பையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு மைக், பன்னிரண்டு சிவப்புப் பலூன்கள். சென்னையில் ஒலியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டடத்துக்குள் சத்தம் எழுந்து அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பது என் ஆய்வு. பலூனை ஊசியால் குத்துவோம், அந்த 'டப்' தேய்வதைப் பதிவுசெய்வோம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் உயரமான கூரையுள்ள பழைய தேவாலயம் ஒன்றில் பங்குத்தந்தை எனக்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். அதற்கு அடுத்த நாளே திரும்பும் விமானம். பதிவு கிடைக்காவிட்டால் கடைசி அத்தியாயம் இல்லை, பட்டமும் இல்லை.

மாலை ஆறு மணி, வெள்ளவத்தை. வகுப்பு நண்பனின் அக்கா பத்மா வீட்டில் தங்கினேன். கடலோரம் ரயில் போகும்போதெல்லாம் அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. எத்தனை விநாடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா பலூன் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

"ஆருக்குத் தம்பி பிறந்தநாள்?"

"பிறந்தநாள் இல்லை அக்கா. நாளைக்குக் கோயிலுக்குள்ள உடைக்க."

தேத்தண்ணீர் ஊற்றிய கை நின்றது. "இஞ்சை ஒரு வெடிச்சத்தம் கேட்டால் முதல் சனம் ஓடும். பிறகு ஆமி வரும். அதுக்குப் பிறகு உங்களை நாங்கள் எங்கை போய்த் தேடுறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போர் நடக்கும் நாட்டுக்கு வெடிச்சத்தத்தைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த மேதாவி நான்.

மறுநாள் காலை ஒன்பது மணி. அக்காவுக்குத் தெரிந்த காதர் நானாவின் ஆட்டோ, போக வர நானூறு ரூபாய். தூரம் சுமார் பத்துக் கிலோமீட்டர், வழியில் மூன்று சோதனைச் சாவடிகள்.

பத்து மணிக்குத் தேவாலயத்தின் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இடத்துக்கு அது போதவில்லை. மணியடிக்கும் மரியதாஸ் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விஷயம் கேட்டார். சொன்னேன். உள்ளறைக்குப் போனவர், சுத்தியல் பொருத்திய ஒரு தடித்த பலகையோடு வந்தார்.

"பெரிய வியாழன் ராவிலயிருந்து மணி அடிக்கமாட்டோம் தம்பி. ஆண்டவர் சிலுவையில செத்த பெரிய வெள்ளியும் மணிக்குப் பதிலா இந்தக் கட்டைதான். இந்தச் சத்தத்துக்கு இங்க ஒருத்தரும் ஓடமாட்டாங்க."

ஒரே ஒரு அடி. கூரை வரை போய்த் திரும்பியது. சரியாக அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதிக் கெடுத்தது. இரண்டாவது அடிக்கு, வாசலில் மெழுகுதிரி விற்கும் பெண் உள்ளே ஓடிவந்தார்.

"மரியதாஸ், பெரிய வெள்ளிக்கு இன்னும் மாசக்கணக்கா கிடக்கே?"

அவர் குரலும் பதிவாகிவிட்டது. அவரையும் பேசாமல் உட்காரவைத்து மூன்றாவது அடி. சத்தம் நான்கு விநாடிக்கு மேல் நின்று சுத்தமாகத் தேய்ந்தது. எனக்கு மரியதாஸ் அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பும் வழியில் சாவடியில் நிறுத்தினார்கள். இளம் படைவீரர் ஒருவர் கருவியைக் கையில் எடுத்தார். பதிவுசெய்யும் சிவப்புப் பொத்தானின் மேல் அவர் கட்டைவிரல். அழுத்தினால் என் பதிவு அழிந்துவிடும். எனக்குச் சிங்களம் தெரியாது; கையை மட்டும் ஆட்டினேன். காதர் நானா சிங்களத்தில் ஏதோ சொல்லிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவைத்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு ஒலிநாடாவை ஓடவிட்டேன்.

கேட்டவர் முகம் மாறியது. நானாவிடம் மெதுவாகப் பேசினார். நானா எனக்குத் தமிழில் சொன்னார்.

"நீர்கொழும்புக் கிறிஸ்தவராம் இவரு. பெரிய வெள்ளிக் கட்டைன்னு கண்டுபிடிச்சிட்டாரு. ரெண்டு வருஷமா பெருநாளுக்கு ஊட்டுக்குப் போகல்லியாம். இன்னொருக்கா போடட்டாம்."

போட்டேன். பின்னால் வாகனங்கள் சேரத் தொடங்கின. கருவியை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார்.

ஊர் திரும்பி ஆய்வேட்டில் விநாடிக் கணக்கை எழுதினேன். பலூன் என்று எழுத வேண்டிய இடத்தில் 'பெரிய வெள்ளி மரக்கட்டை' என்று எழுதினேன். பேராசிரியர் அதன் பக்கத்தில் பென்சிலால் பெரிய கேள்விக்குறி போட்டார். சாவடியில் நின்ற அந்தப் பையனுக்கு நான் ஒன்றுமே விளக்க வேண்டியிருக்கவில்லை.