முதல் எபிசோடில் உடைந்த சீல்

கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று என் காமிக்ஸில் யாரும் கேட்கவே மாட்டார்கள். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் ஒரு லாரி நிற்கிறது. வரிசை நகர்வதே இல்லை. டிரைவர் கன்டெய்னர் மேல் மண் கொட்டிக் கீரை போடுகிறார், பின்னால் நிற்கும் லாரிக்காரரோடு சம்பந்தம் பேசுகிறார், ரேஷன் கார்டில் லாரி நம்பரையே முகவரியாகப் போடுகிறார். அவ்வளவுதான் கதை. என் அப்பா ஓட்டியது கன்டெய்னர் லாரி. நான் வயதுக்கு வந்தபோதும், பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோதும் அவர் அந்த வரிசையில்தான் நின்றார். அந்தக் கோபத்தைச் சிரித்துத் தீர்க்கத்தான் வரைந்தேன்.

அதை டிவி தொடராக எடுக்க ஒரு கம்பெனி வந்தது. "எம் பொண்ணு எழ்துன கதை டிவில வரப்போவுது" என்று திருவொற்றியூர் டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார் அப்பா.

முதல் நாளே இயக்குநர் கேட்டார். "உள்ள என்னங்க இருக்கு?"

"தெரியாது. டிரைவருக்கும் தெரியாது."

"நார்த் மெட்ராஸ் கதைங்க. துப்பாக்கியாவது இருக்க வேணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரை போனது, சம்பந்தம் போனது. முதல் எபிசோடிலேயே டிரைவர் சீலை உடைத்துத் துப்பாக்கியை எடுக்கிறார். சரக்கு ஏற்றியதும் கன்டெய்னர் கதவில் மாட்டும் அந்தச் சீல் டிரைவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தொண்டை வறளச் சொன்னேன். அப்பா டீ குடிக்க இறங்கினாலும் முதலில் பின்பக்கம் போய் அதைத் தொட்டுப் பார்ப்பார். அது உடைந்தால் டிரைவர் திருடன், வேறு பேச்சே கிடையாது. "சூப்பர் டீட்டெயில், அதையும் வச்சுக்கலாம்" என்றார்கள். என்ன ஜென்மங்களோ! நான் மட்டும் என்ன யோக்கியம்? கதை என்று என் பெயர் திரையில் வரும், அந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஷூட்டிங் பார்க்க அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நடிகரின் கை வழவழவென்று இருந்தது. குளோசப்புக்கு அசல் டிரைவர் கை வேண்டும் என்று இயக்குநர் அப்பாவைக் கூப்பிட்டார். சீலை வெட்டும் கட்டரை யாரோ அவரிடம் நீட்டினார்கள்.

அப்பா வாங்கவில்லை. "இத்த ஒடைக்கிறவன் டிரைவரா சார்? திருடன் சார் அவன்."

லைட் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா என்னிடம் திரும்பினார்.

"இன்னா பாப்பா, இத்த நீயா எழ்துன?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்திருப்பார். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா நைனா" என்றேன்.

"அப்ப சரி" என்று கட்டரை வாங்கினார். வெளிச்சம் சரியில்லை, கை மறைக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் புதுச் சீல் மாட்டினார்கள். மூன்று முறையும் அப்பா வெட்டினார்.