இராசமலர் அக்கா திறக்காத பை

யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறிய அதே கிழமைதான், கனடாவை விட்டுப் பிரிவதா இல்லையா என்று கியூபெக்கில் வாக்குப் போட்டார்கள். அதற்கு அடுத்த பங்குனியில் நான் ஒரு காரியம் செய்தேன். போன செவ்வாய்க்கிழமை மகள் போன் எடுத்து, "அப்பா, லாசாலில இருந்த மலர் மாமி மோசம் போயிட்டா" என்றபோது, இராசமலர் அக்காவின் சாவுக்கு அழமுதல் அதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவளும் இன்றைக்குத்தான் இதைக் கேட்கிறாள்.

கியூபெக்கில், வில்லரே என்ற இடத்துக்குப் பக்கத்துத் தையல் ஆலையொன்றில் அக்கா மெஷினில் இருந்தார், நான் தைத்த உடுப்புகளுக்கு ஸ்திரிக்கை போட்டேன். ஓடர் குறைந்து பாதிப் பேருக்குத்தான் வேலை என்றானபோது, யார் நிற்பது, யார் போவது என்பது மேற்பார்வையாளனின் கையில் இருந்தது. நாங்கள் அவனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தோம். அக்கா நேரே முதலாளியிடம் போய், எல்லோருக்கும் முறை வைத்து வேலை கொடு, அந்த முறையை நாங்களே போடுகிறோம் என்று கேட்டார். அவன் சம்மதித்துவிட்டான். "ஓடர் நிறைஞ்சு கிடக்கேக்க உவன் என்ர முகத்தையே பாக்கேல்லை. இப்ப வழி தெரியாமல் நிக்கிறான். கேக்கிறதெண்டால் இப்பதான் கேக்கவேணும்" என்றார் அக்கா.

இங்கே எங்கள் ஊர்க்காரர் நடத்திய சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதுவும் ஆம்பிளையின் வாக்கு. அதையும் கை தூக்கித்தான் போடவேண்டும். யார் தூக்குகிறான், யார் தூக்கவில்லை என்று தலைவர் முன்னுக்கு இருந்து பார்ப்பார். எங்களில் பாதிப் பேருக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர் அவர்தான். யார் அவருக்கு மாறாகத் தூக்குவது? பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்கள் ரொறொன்ரோவுக்குப் போனார்கள். சங்க மண்டபம் கைவிட்டுப் போகும் நிலை. அப்போதுதான் அக்கா செயற்குழுவுக்கு முன்னால் வந்து நின்றார். பெண்களுக்கும் வாக்கு வேண்டும், மறைவாகப் போடவேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு தலைவர் என்றார்.

"சனம் வேலையில்லாமல் கிடக்குது, உங்களுக்கு இப்ப அரசியலோ?" என்றார் தலைவர்.

"வசதியாயிருக்கேக்க எங்களை உள்ளுக்கே விடேல்லையே அண்ணை. இப்ப ஆளில்லாமல் நிக்கிறியள். இப்ப மாத்தாட்டி ஒருநாளும் மாத்தமாட்டியள்."

குழுவில் ஏழு பேர். மூன்று பேர் அக்காவின் பக்கம், தலைவரோடு மூன்று பேர் மற்றப் பக்கம், ஏழாவது ஆள் நான். நான் அக்காவுக்கு ஓம் என்று முதலே சொல்லியிருந்தேன். தலைவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். என்னைப் பார்த்தபடி, "மறைவா எண்டால் கடுதாசியிலயெல்லோ போடவேணும். நடேசு என்ன செய்வான்? கோழி கிண்டின மாதிரிக் கீறுவானோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "எதிர்க்கிற ஆக்கள்?" என்று கேட்டபோது என் கை மேலே போனது.

அக்காவின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் வாயை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெண்கள் அதற்குப் பிறகு மண்டபப் பக்கம் வரவில்லை. அவர்கள் வராததால் பிள்ளைகளும் வரவில்லை. கோடைக்கு முன்னரே சங்கம் மூடப்பட்டது.

கனகாலத்துக்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார் அக்கா. கைப்பையிலிருந்து இரண்டு பொத்தான்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஆலையில் கழித்துவிட்ட பொத்தான்கள். "வெள்ளை எண்டால் ஓம், கறுப்பு எண்டால் இல்லை. பெட்டிக்குள்ள போட்டால் சரி, எழுத்தே தேவையில்லை. அண்டைக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்தனான்."

"ஏன் அக்கா திறக்கேல்லை?"

"திறந்திருந்தால், உனக்காகத்தான் யோசிச்சுக் கொண்டுவந்தனான் எண்டு அவ்வளவு பேருக்கும் விளங்கியிருக்குமடா தம்பி. அவை சிரிச்சது காணாதோ?"

என்னை மன்னியுங்கோ என்று நான் சொல்லவில்லை. என் தரிப்பிடம் வரமுதலே இறங்கி நடந்தேன். அந்த இரண்டு பொத்தான்களும் இப்போதும் என்னிடம்தான் இருக்கின்றன. வெள்ளையைப் போடுவதற்கு இனிப் பெட்டி இல்லை.

அக்காவை அறிந்தவர்களே, சங்கம் காசில்லாமல் மூடப்பட்டது என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லித் திரிந்தேன். அது பொய். அன்றைக்கு எதிர்த்துக் கை தூக்கியவர்கள் நான்கு பேர். தலைவர் முதலில் போனார். அவருடைய தம்பி போனார். கணக்கு எழுதியவர் போன மாரியில் போனார். மிஞ்சியிருப்பவன் சின்னத்தம்பி நடேசு.