பதினாலாம் நம்பர் கட்டத்துல என்ன எழுத?

அடுத்தவங்க வீட்டு வாசல்ல அச்சடிச்ச பாரமும் பென்சிலுமா நின்னு, "உங்க பிள்ள ஒரு நாளைக்கு எத்தன தடவ பால் குடிக்கி?"ன்னு கேட்டுப் பொழைக்கதுக்கு, சிங்கத்துக்குப் பல்லு வெளக்கி விடலாம், சிங்கம் பதிலுக்கு நம்மள ஒண்ணும் கேக்காது.

ஜனத்தொகை எடுத்தவங்க, ஓட்டர் லிஸ்ட் எழுதுனவங்க, இன்சூரன்ஸ் பிடிக்க அலஞ்சவங்க எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நாயி தொரத்துன தூரத்துல நாம எல்லாரும் சொந்தக்காரங்க.

நான் பாளையங்கோட்டைல காலேஜ பாதியில விட்டுட்டு வந்தவன். தென்காசியில ஒரு கொட்டகைல டிக்கெட் கிழிச்சேன், அப்புறம் பஸ்ஸுல கண்டக்டரா தொங்குனேன். ரெண்டு வேலையும் என் வாயாலயே போச்சு. மூணாவதா கெடச்சதுதான் இது. ஒரு லேடி டாக்டர், தாய்மாரப் பத்தியும் பச்சப்பிள்ளைங்க குடிக்க பாலப் பத்தியும் ஒரு ஆராய்ச்சி நடத்துனாவ. எழுத வந்த பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிட்டு. அந்த எடத்துல நான். பிள்ளைங்கள நிறுக்கதுக்கும் வீட்டுக்குள்ள போய் வரதுக்கும் ஆஸ்பத்திரி ஆயா பேச்சியம்மா. வாசல்ல நின்னு கேட்டு எழுதுகது நான்.

மொத நாளே டாக்டரம்மா சொல்லிட்டாவ: "பதிமூணு கேள்விக்கு எவன் வேணும்னாலும் பதில் வாங்கிருவான். பதினாலாவது, தாயின் மனநிலை. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம். மெட்ராஸ்லருந்து ஆபீசர் வருவாரு. அந்தக் கட்டம் ஒழுங்கா இல்லன்னா நீ வீட்டுக்குப் போலாம்." வீட்டுல அப்பா அதுக்கு மேல: "இந்த வேலையும் போச்சுன்னா கொல்லத்துக்கு ரயிலேத்தி விட்டுருவேன்லே. உங்க சித்தப்பன் பேக்டரில பொம்பளைங்களோட உக்காந்து முந்திரிக்கொட்ட ஒட."

ராத்தலும் கிலோவும்

மொத வாரம் நான் எழுதுன பாரத்தப் பாத்தா தென்காசியில ஒரு பிள்ளையும் உசுரோட இருக்க முடியாது. எந்த வீட்டுல கேட்டாலும், "எங்க தம்பி குடிக்கான்? ரெண்டு வாய் வச்சதும் மூஞ்சத் திருப்பிக்கிடுதான். காத்தக் குடிச்சுத்தான் கெடக்கான்"னு சொல்லுதாவ. இடுப்புல பாத்தா பிள்ள பூசணிக்கா மாதிரி இருக்கு. எனக்குப் புரியல. பேச்சியம்மாதான் தலையில அடிச்சுக்கிட்டா: "வேத்தாள்ட்ட எம்பிள்ள நல்லா குடிக்கான்னு எவளாவது சொல்லுவாளாலே? கண்ணு பட்டுராது?" பிள்ளைக்கு ஒண்ணுமே சரியில்லன்னு சொல்லுதவ எல்லாரும், பதினாலாவதுக்கு வந்ததும், "எனக்கென்ன கொற? நல்லாத்தான் இருக்கேன்"னு ஒரே மாதிரி முடிச்சிருவாவ.

தராச எடுத்தா கதவச் சாத்துதாவ. அப்பத்தான் பழைய ராத்தல் எடை போயி கிலோ வந்துக்கிட்டு இருந்த நேரம். எங்க தராசு புதுசு. ஒரு வீட்டுல எப்படியோ கெஞ்சி, பிள்ளையத் துணில போட்டுக் கொக்கில மாட்டியாச்சு. பேச்சியம்மா முள்ளப் பாத்து "ஏழேகால்"னா. அந்தத் தாய் மொகம் அப்படியே மலந்துட்டு. "போன மாசம் ஆஸ்பத்திரில பதினாறுன்னுல்லா சொன்னாவ?" அது ராத்தல், இது கிலோ, எடை ஒண்ணுதான்னு நான் வெளக்கமா சொன்னேன். அவ எங்க கேக்கா? தெருவக் கூப்புட்டுட்டா. சாயந்தரத்துக்குள்ள இருபது பிள்ளைங்க வரிசையில நிக்கி. கடைசியா வந்தவ பிள்ளையக் கொக்கில மாட்டும்போது சொன்னா: "தம்பி, எங்க வீட்டுக்கும் கிலோவுலயே போடுங்க. ராத்தல்ல சொன்னா கண்ணு பட்டு, பிள்ள ஒரு மாசம் தாங்காது."

மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாது

எங்க பாரத்துல ஒரு சட்டம் உண்டு. தாய் இல்லாம வேற யாரும் பால் குடுத்தா, அவுங்களுக்குத் தனித் தாள் போடணும்: வயசு, பிள்ளைங்க எத்தன, உடல்நிலை, மனநிலை. பண்பொழி பக்கம் ஒரு வீட்டுல, "வேற யாரு பால் குடுத்தா?"ன்னு கேட்டேன். "ஒரு சங்கு கழுதப்பால் குடுத்தோம், அன்னா வாசல்ல நிக்கி பாருங்க"ன்னாவ. திரும்பிப் பாத்தா கழுத என்னயவே பாத்துக்கிட்டு நிக்கி. சட்டம் சட்டம்தான். நான் தாள எடுத்துட்டேன்.

கழுதக்காரர் செங்கோட்டைக்காரர். மலையாளம் கலந்து பேசுதவரு. ரொம்ப மரியாதையா பதில் சொன்னாரு. வயசு ஆறு. பிள்ளைங்க மூணு, ஒண்ணு புனலூருக்கு வித்தாச்சு. உடம்பு கொள்ளாம், அதாவது நல்லாருக்கு. மனநிலைன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. பொம்பளைங்க யாரும் அந்தக் கேள்விக்கு அவ்வளவு நேரம் யோசிச்சதில்ல. அந்த மாசம் என் பாரக் கட்டுல உண்மையா ரொம்புன பதினாலாம் நம்பர் அது ஒண்ணுதான். அவர் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டேன்: "உதைக்கும் சார். உதச்சு முடிச்சா மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாது. எங்க வீட்டுல உள்ளவ உதைக்கவும் மாட்டா, மறக்கவும் மாட்டா."

பயம்

பதினொண்ணாவது கேள்வி கொஞ்சம் வளந்த பிள்ளைங்களுக்கு. "குழந்தை எதைக் கண்டு பயப்படுகிறது?" மொதல்ல பதில் எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. இருட்டு, பல்லி, பூச்சாண்டி. ஒரு மாசம் கழிச்சு பூச்சாண்டிய ஒருத்தரும் சொல்லல. ஏன்னா, நான் தெருவுல நடந்தா அங்கங்க தாய்மாரு சோத்துக் கிண்ணத்தோட, "அன்னா பாரம்காரன் வாரான், வாயத் தொற! இல்ல, ஒன்னயப் பேரெழுதிக் கொண்டு போயிருவான்!"னு சொல்லுதாவ. பிள்ளைங்க ஒரே வாயில முழுங்கிட்டு அலறுதுங்க. கேட்டதத்தானே எழுதணும்? அந்தக் கட்டத்துல எல்லாம் "பாரம் எழுத வருபவர்"னு எழுதினேன்.

டாக்டரம்மா ஒவ்வொண்ணாப் பொரட்டுனாவ. கண்ணாடியக் கழட்டி தொடச்சுட்டு மறுபடியும் பொரட்டுனாவ. அப்புறம் என்னைய ஏற எறங்கப் பாத்துட்டுச் சொன்னாவ: "பிள்ளைங்களுக்கு என்ன நோயின்னு கண்டுபிடிக்க ஒன்னய அனுப்புனேன். நோயே நீதானாலே?"

ஐப்பசில வாங்க

குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சதும், அருவிப் பக்கம் இட்லிக்கடை போட்டுருக்க பொம்பளைங்கள்ட்ட பால் பவுடரக் காட்டிட்டு வரச்சொல்லி எங்கள அனுப்புனாவ. பேச்சியம்மா வெந்நி வச்சுக் கரைச்சு, புட்டியில ஊத்தி, ரப்பரை மாட்டி, "இப்படித்தான் தாயி"ன்னு தூக்கிக் காட்டுனா. பின்னால பாறையிலருந்து ஒரு கொரங்கு வந்துச்சு, கையிலருந்து புட்டிய வாங்குச்சு, மேல போய் உக்காந்து மல்லாக்கச் சாஞ்சுக்கிட்டு சப்பிச் சப்பிக் குடிச்சுச்சு. எங்க டாக்டரம்மாவால கூட அவ்வளவு தெளிவாச் செஞ்சு காட்ட முடியாது.

இட்லிக்கடை கோமதிக்கு நாலு மாசப் பிள்ள. அதுவரைக்கும் டப்பாவத் தொடவே மாட்டேன்னவ, இட்லித் தட்டக் கழுவிக்கிட்டே சாயந்தரம் வரைக்கும் கொரங்கக் கவனிச்சா. கொரங்குக்கு வயித்தால போகல. "அதுக்குச் செமிச்சா இதுக்கும் செமிக்கும், ஒரு டப்பா வச்சுட்டுப் போங்க"ன்னா. சந்தோசத்துல பதினாலாவதக் கேட்டேன். உங்க மனநிலை எப்படிம்மா? இட்லித் துணியப் பிழிஞ்சுக்கிட்டே என் பாரத்தப் பாத்தா. "அந்தக் கட்டத்தச் சும்மா விட்டுவைங்க சார். இப்ப சீசன், ஆளு வந்துக்கிட்டே இருக்கு. ஐப்பசில வாங்க, அழுதுட்டுச் சொல்லுதேன்."

பன்னெண்டு வீடு

ஆபீசர் வர ஒரு வாரம்தான் இருக்கு. பதினாலாம் கட்டம் பூரா "நல்லாத்தான் இருக்கேன்." அதுல எந்தத் தாய்க்கும் ஒரு கொறையும் கெடையாது, கழுதைக்குத்தான் கொஞ்சம் கோவம் வருது. கொல்லத்து ரயில் கூவுகது எனக்குப் பகல்லயே கேட்டுச்சு.

தறி நெய்யுத தெரு ஒண்ணுல பன்னெண்டு வீடு. எல்லா வீட்டுலயும் கைப்பிள்ள. மொத வீட்டுல ஆயிஷா, இருபது வயசு இருக்கும், கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு வழக்கம்போல, "எனக்கென்ன கொற?"ன்னா. அப்புறம் கொரலத் தாழ்த்தி, "அடுத்த வீட்டுக்காரியக் கேளுங்க. ஏனம் கழுவும்போதெல்லாம் அழுதா, பாவம்"னா. அடுத்த வீட்டுக்காரி நல்லாத்தான் இருக்கா. மூணாவது வீட்டுக்காரிதான் தூங்குகதே இல்லயாம். மூணாவது வீட்டுக்காரி நல்லாத் தூங்குதா. நாலாவது வீட்டுக்காரி பிள்ளையத் தூக்கவே பயப்படுதாளாம். இப்படியே போய்ப் பன்னெண்டாவது வீட்டுல கேட்டா, "நான் நல்லாருக்கேன். மொத வீட்டு ஆயிஷாதான் கெணத்தடியில நின்னு அழுவா"ன்னு முடிஞ்சிட்டு. நான் துள்ளிக் குதிச்சு, ஒருத்தி சொன்னத அடுத்தவ பாரத்துல எழுதி பன்னெண்டு கட்டத்தையும் ரொப்பிட்டேன். பேச்சியம்மா தராச மடிச்சுக்கிட்டே சொன்னா: "பன்னெண்டு பேரும் அழுதாளுவ, ஒருத்தியும் அழல. நல்லா எழுதுனலே."

ஆபீசர் வந்தாரு

ஆபீசர் டையும் குடையுமா வந்தாரு. பொடிச் சாரல். நேரா அந்தத் தெருவுக்கே கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. கூடவே டாக்டரம்மா, பேச்சியம்மா, நான். ஆயிஷா வீட்டு வாசல்ல நின்னு பாரத்தப் பாத்துச் சத்தமா வாசிச்சாரு: "ஆயிஷா. அடிக்கடி அழுகிறார். சரிதானாம்மா?" உள்ள மாமியாரு இருமுகது கேக்குது. "யாரு சொன்னா? எனக்கென்ன கொற?"ன்னா ஆயிஷா. அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடு, எல்லாத்துலயும் அதேதான். நாலாவது வீட்டுல ஆபீசர் பேனாவ எடுத்து என் கட்டுக்கு மேல "கற்பனை"ன்னு எழுதிட்டு, "நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்பா"ன்னாரு.

பேச்சியம்மா நடுத்தெருவுல நின்னு கத்துனா: "ஏட்டி, கேட்டியளாட்டி? இந்தப் பயலுக்கு வேல போச்சு! கொல்லத்துல போய் முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போறான்!"

தறிச் சத்தம் ஒவ்வொரு வீடா நின்னுச்சு. ஆயிஷா பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய வந்தா. மாமியாரு பின்னாலயே வந்து நின்னாவ. "அந்தத் தம்பி வேலைக்காகச் சொல்லுதேன் சார், எழுதிக்கோங்க. நான் அழுவேன்."

"எப்போ?"ன்னாரு ஆபீசர், நம்பாம.

"பிள்ள பால் குடிச்சுத் தூங்குனப்புறம். முழிச்சிருக்கும்போது அழுதா அதுவும் சேந்து அழும். கெணத்துல வாளிய விட்டு இழுத்துக்கிட்டே அழுவேன். உருளச் சத்தத்துல வெளிய கேக்காது." நிறுத்தி, மாமியாரப் பாத்துட்டு, "தம்பி வேலைக்காகச் சொல்லுதேன்"னா.

நாலாவது வீட்டுக்காரி வாசல்லருந்தே பேசுனா. "எனக்கும் எழுதிக்கோங்க, தம்பிக்காக. பிள்ளையத் தூக்குனா கீழ போட்டுருவேனோன்னு கை நடுங்குது. அது அழும்போது காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் என்னய நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு." அப்புறம் ஒவ்வொரு கதவாத் தொறந்துச்சு. பன்னெண்டு பேரும் என் வேலைக்காகச் சொன்னாளுவ. பொய் சொல்லுதவ எவளும் இவ்வளவு வெவரமாச் சொல்ல மாட்டா. டாக்டரம்மா கையில இருந்த குட நனைஞ்ச தரையில கெடந்துச்சு.

ஆபீசர் என்னயத் தனியாக் கூப்பிடல, எல்லார் முன்னாலயும் வச்சுக் கேட்டாரு: "உண்மையச் சொல்லு. இவங்க எல்லாம் உனக்காகச் சொல்ற பொய்தானே இது?" இல்லன்னு சொன்னா எனக்கு வேல இருக்கும். பன்னெண்டு வாசல்லயும் மாமியாருங்க நிக்காவ. ஆயிஷா என்னயப் பாக்கல, பிள்ள தலையத் தடவிக்கிட்டு இருந்தா. "ஆமா சார்"னேன். "எனக்காகச் சொன்ன பொய்தான்."

வேல அன்னைக்கே போச்சு. டாக்டரம்மா மட்டும் அந்த வாரத்துலருந்து பிள்ளைங்கள நிறுக்கேன்னு சொல்லி, பேச்சியம்மாவோட அந்தத் தெருவுக்குப் போக ஆரம்பிச்சாவ. ஒவ்வொரு பிள்ளைய நிறுக்கதுக்கும் தாயோட உள்ள கதவச் சாத்திக்கிட்டு அர மணி நேரம் எடுத்தாவளாம். நான் பெட்டியோட ரயில் டேசனுக்குப் போகையில அந்தத் தெரு வழியாத்தான் போனேன். ஆயிஷா கதவ லேசாத் தொறந்து சொன்னா: "தம்பி, அடுத்த வேல போச்சுன்னாலும் எங்க தெருவுக்கே வாங்க. சொல்லாதது இன்னும் கொஞ்சம் பாக்கி கெடக்கு."

பெத்தவ ஒருத்தி "எனக்கு நல்லால்ல"ன்னு வாயத் தொறக்கணும்னா அதுக்கு ஒரு வேத்து ஆம்பளைக்கு வேல போகணும்ங்கதுதான், சம்பளமும் பாரமும் தராசும் குடுத்து என்னய வச்சு அந்த ஆராய்ச்சி கண்டுபிடிச்ச ஒரே விஷயம்.